வெல்லப்பாகு ரத்தம்

கடைசி ரீலில் ஒரு தூசி நடந்து போனது.

பழைய ஃபிலிமில் தூசி இருக்கும். கீறல் இருக்கும், பூஞ்சை இருக்கும், என்றோ செத்துப்போன ஆபரேட்டரின் கட்டைவிரல் ரேகைகூட இருக்கும். இவற்றைத் துடைப்பதற்குத்தான் எங்கள் ஸ்டூடியோவில் எனக்குச் சோறு. ஆனால் தூசி என்பது ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் இருக்காது. இந்தத் தூசியோ கதாநாயகியின் மணிக்கட்டில் ஏறி, வளையலைச் சுற்றிக்கொண்டு, முழங்கையை நோக்கி நிதானமாகப் போனது. பின்னாலேயே இன்னும் பதினோரு தூசிகள், ஒன்றையொன்று முந்தாமல்.

தமிழ்நாட்டில் வரிசையில் போகிற ஒரே ஜீவன் எறும்புதான். அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

படத்தின் பெயர் 'பனிமலைப் பிரபு'. அறுபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளை. கோத்தகிரியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா ஒன்றில் ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவர் வாழ்கிறார். சவப்பெட்டியில் தூங்குகிறார், எழுந்ததும் தலை வாரிக்கொள்கிறார். செந்தமிழில் பேசுகிறார். தான் கடிக்கப்போகிற பெண்ணோடு தேயிலைத் தோட்டத்தில் டூயட் பாடுகிறார். பூண்டுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை, பூண்டு ரசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடிக்கிறார். கடைசியில் கதாநாயகியின் கற்பு தாங்காமல் தள்ளாடி விழ, அவள் அவர் நெஞ்சில் ஆப்பு இறக்குகிறாள். இதைத் தூசு தட்டி, வீட்டு டிவியில் மூக்கு மயிர் வரை தெரிகிற துல்லியத்தில் பெட்டி போட்டு விற்பது எங்கள் நிறுவனத்தின் அந்த வருடத் திட்டம்.

ஒரு சிக்கல். கடைசி ரீலின் ஒலிச்சுருள் வினிகர் வாடை அடித்துக் கூழாகிவிட்டது. படம் இருக்கிறது, சத்தம் இல்லை. அதற்காகத்தான், படத்திலிருந்தே சத்தத்தை மீட்கிற 'செவியன்' என்ற மென்பொருளை வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவன் ஸ்டூடியோவில் நான் ஒருவன். என் பெயர் ஜெபராஜ். வயது இருபத்து நான்கு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ராஜா," என்றார் முதலாளி குபேந்திரன். அவர் எல்லோரையும் ராஜா என்றுதான் கூப்பிடுவார், பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம். "செவியனுக்கு அந்த ஷூட்டிங் ரூம்ல இருந்தவங்க குரல் சாம்பிள் வேணுமாமே?"

"ஒருத்தராவது வேணும் சார். அப்பத்தான் எது யார் குரல்னு பிரிக்கும்."

"உயிரோட இருக்கறது அந்தம்மா ஒண்ணுதான். ஹீரோயின் விஜயரேகா. சாலிகிராமம். போய்ப் பேச வெச்சு எடுத்துட்டு வா. இந்த ஃபாரத்துல கையெழுத்தும் வாங்கிக்கோ."

ஃபாரம் பதினான்கு பக்கம்.

விஜயரேகாவைப் பற்றி கோடம்பாக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பெரிதாக நடித்ததற்காக இல்லை. நடிக்காமல் போனதற்காக.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. சாகிற காட்சி எடுத்தால், கேமராவை நிறுத்துவதற்குமுன் செத்தவரை லென்ஸைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்வார்கள். எமன் விஷயம் தெரியாமல் வந்து நின்றுவிடக்கூடாது என்பதற்காக. எமனுக்கு எடிட்டிங் தெரியாது என்பது திரையுலகின் நம்பிக்கை. 'பனிமலைப் பிரபு'வில் ஆப்பு வாங்கிய அம்பலவாணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்குள் விஜயரேகா திமிராக எழுந்து போய் ஷாட்டைக் கெடுத்துவிட்டார், ஃபிலிமும் தீர்ந்துவிட்டது. ஒன்பதாம் நாள் அம்பலவாணன் மாரடைப்பில் போனார். முப்பத்தாறு வயது. கதை இதுதான். அதன்பிறகு விஜயரேகாவை எந்தத் தயாரிப்பாளரும் செட்டுக்குள் விடவில்லை. ராசியில்லாதவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவரிடம் நான் பேசுவதற்குமுன் அவர் பேசினார், எனக்குச் சின்ன அதிர்ச்சி. அந்தக் குரல் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வடக்கிலிருந்து வந்து தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் உதட்டை மட்டும் ஆட்டிய கதாநாயகிகள் எல்லோரும் முப்பது வருடம் இந்தக் குரலில்தான் காதலித்தார்கள். இப்போது ஓரங்களில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"முகத்துக்குத்தான் ராசியில்ல. தொண்டைக்கு இருக்காம்," என்றார். "காபியா, டீயா?"

"எதுன்னாலும் சரிம்மா."

"எதுன்னாலும்னு ஒண்ணு என் வீட்ல இல்ல தம்பி."

காபி என்றேன். கூடத்துச் சுவரில் ஒரு ஆளின் பெரிய படம், புது மல்லிகைச் சரம். கணவராக்கும் என்று நினைத்துக் கும்பிட்டு வைத்தேன்.

"அவரு டைரக்டர் நீலமேகம். எனக்கு அண்ணன் மாதிரி," என்றார். "ஊரே என்னைத் தூத்தினப்போ இவரு ஒருத்தர்தான் வீடு தேடி வந்தாரு. யாரு என்ன சொன்னாலும் மனசுல போட்டுக்காதே விஜயா, நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லலையேன்னாரு. டப்பிங்ல சேத்து விட்டதும் அவருதான். இல்லன்னா என் கதி என்ன."

நான் எறும்புகளைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டும் தெளிவாகத் தெரிகின்றன என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரியுதா?"

"காலை எண்ணலாம்மா. அவ்வளவு தெளிவு."

"வெல்லப்பாகுப்பா அது. கறுப்பு வெள்ளைல ரத்தம் நல்லா கறுப்பா தெரியணும்னா வெல்லப்பாகுதான் ஊத்துவாங்க. மலை எறும்பு வேற. நான் அம்பலவாணன் சார் மேல சாஞ்சு கெடக்கேன், கையெல்லாம் கடி. கட்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. எழுந்து குழாயடிக்கு ஓடிட்டேன். திரும்பி வந்தா லைட்டைக் கழட்டிட்டு இருக்காங்க. ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "நிஜமாவே கட் கேட்டேனா, கடி தாங்காம கேட்டதா நெனச்சுக்கிட்டேனா. இத்தனை வருஷத்துல எனக்கே தெரியல. அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணுங்க. சின்னதுக்கு அப்ப மூணு வயசு. ஒரு கல்யாண வீட்ல என்னைப் பாத்துட்டு, சாப்பிடாம எழுந்து போச்சு அந்தப் பொண்ணு."

அதன்பிறகு செவியன் என்ன செய்யும் என்று கேட்டார்.

"பேசினா காத்து அதிரும்மா. பக்கத்துல மெல்லிசா ஏதாவது தொங்கினா, அந்த பங்களா லேஸ் திரை மாதிரி, அதுவும் மயிரிழை ஆடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஃபிலிம்ல பதிஞ்சிருக்கும். அந்த ஆட்டத்தைப் படிச்சு மறுபடி பேச்சா மாத்தும்."

"திரை ஒட்டுக்கேட்டதைச் சொல்லும்."

"ஆமாம்மா. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நடுவுல கேமரா பாதி நேரம் கண்ண மூடிக்கும். அந்த இடைவெளியை மட்டும் தனக்குத் தெரிஞ்ச குரலை வெச்சு ஊகிச்சு நிரப்பும்."

"மனுஷங்க மாதிரியேதான்," என்றார்.

இரண்டு மணி நேரம் பேசினார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களைத் திருப்பிச் சொன்னார், சிரித்தார், அழுதார், கோபப்பட்டார். மைக் முன்னால் அவருக்கு வயது குறைந்தது. முடிந்ததும் ஃபாரத்தை நீட்டினேன்.

"கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல. படிச்சிட்டுத் தரவா?"

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா. ரெஃபரன்ஸுக்குத்தான்."

நானும் படித்திருக்கவில்லை. ஆனால் படித்தவன் குரலில் சொன்னேன். போட்டுக் கொடுத்தார்.

வாசல் வரை வந்தார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. அந்தச் சிரிப்பு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

சிரிப்பு இருந்தது.

நெகட்டிவ் வந்த தகர டப்பாவின் அடியில், எடிட்டர் வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தூக்கிப் போட மனம் வராமல் வைத்த ஒரு வால்துண்டு. பதினொரு விநாடி. அவருக்கு ஃபோன் செய்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

திரையில் பத்தொன்பது வயது விஜயரேகா கையை உதறிக்கொண்டு எழுந்து இடது பக்கமாக ஓடினார். அம்பலவாணன் ஆப்போடு கிடந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். லென்ஸைப் பார்த்தார். மெழுகுக் கோரைப்பல் இரண்டும் தெரிய, பல் விளம்பரத்துக்கு வந்தவர்போல் முழுசாகச் சிரித்தார்.

செவியன் திரைச்சீலையிலிருந்து இழுத்த சத்தம் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தது. ஆனால் புரிந்தது.

"கட். கேமராவை நிறுத்தாதே. அம்பலம், சிரி. இன்னும் நல்லா. ஹாங். அந்தப் பொண்ணு ஏன் ஓடுது?"

இன்னொரு குரல்: "எறும்பு சார்."

"எறும்பா. சரி விடு. சிரிப்பு வந்துருச்சுல்ல, போதும்."

"இன்னொரு தடவை போடு," என்றார் விஜயரேகா. போட்டேன். இன்னொரு தடவை. நாலாவது தடவை அவரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணன் குரல்தான்."

"கொஞ்சம் மிஷின் ஊகமும் இருக்கும்மா."

"சிரிப்பு ஊகமா?"

"இல்லம்மா. அது ஃபிலிம்லயே இருக்கு."

நான் தேவையில்லாமல் ஒரு வயரைச் சரிசெய்தேன்.

"அப்ப அவருக்குத் தெரியும்," என்றார். "கட் சொன்னதும் தெரியும், எறும்புன்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் எங்க வீட்டு நாற்காலில உக்காந்து மனசுல போட்டுக்காதேன்னாரு. எங்கம்மா அந்தாளு கால்ல விழுந்தாங்கடா." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. "இன்னைக்குக் காலைலகூடப் பூ மாத்திட்டுத்தான் வந்தேன்."

"அம்மா, தண்ணி குடிக்கறீங்களா?"

"வேணாம். இது அந்தப் பெட்டில வருமில்ல?"

"வரும்மா. கூடுதல் காட்சின்னு தனியாவே வைப்போம். நான் பாத்துக்கறேன்."

"அம்பலவாணன் சார் பொண்ணு ரெண்டும் இருக்காங்க. பெரியவ மயிலாப்பூர்ல. அவங்க பாக்கணும்."

"பாப்பாங்கம்மா."

இப்படி உறுதியாக நான் அதுவரை யாருக்கும் எதையும் சொன்னதில்லை. சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

குபேந்திரன் வால்துண்டை இரண்டு தடவை பார்த்தார். ரசித்துத்தான் பார்த்தார்.

"பிரமாதம் ராஜா. அந்தம்மா எழுந்து ஓடற முதல் ரெண்டு விநாடிய மட்டும் படத்தோட ஒட்டிட்டு, மிச்சத்தை உள்ள வெச்சுப் பூட்டிடு."

"சார், அந்தம்மா மேல தப்பில்லைன்னு இதுல தெளிவா…"

"தப்பில்லைன்னா இதை எவன் வாங்குவான்? நீ முழுப் படமும் பாத்தியா?"

"நாலு மாசமா அதைத்தான் சார் பாக்கறேன்."

"நீயா இருந்தா வாங்குவியா?"

நான் வால்துண்டின் ரப்பர் பேண்டை விரலில் சுற்றினேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"ரசம் குடிக்கிற ரத்தக்காட்டேரி. இதுல உருப்படியா இருக்கறது அந்தச் சாபம் ஒண்ணுதான்." மேசைமேல் அட்டைப்பெட்டி மாதிரியைத் திருப்பிக் காட்டினார். தமிழின் சபிக்கப்பட்ட படம், என்று ரத்தம் சொட்டும் எழுத்தில். "நீலமேகம் விவரமான ஆளு. ஹீரோ செத்துட்டான், படம் ரிலீஸ் ஆகணும். ஒரு கதை வேணும். கதைக்கு ஒரு பொண்ணு வேணும். நூறு நாள் ஓட்டிட்டான். நாம புதுசா ஒண்ணும் செய்யல ராஜா. இருக்கறதை மீட்டெடுக்கறோம், அவ்வளவுதான்."

"அவங்க கேட்டா?"

"அவங்களே ஒத்துக்கறாங்களே." கணினியைத் தட்டினார். அறையில் விஜயரேகா பேசினார். நாற்பது வயது விஜயரேகா, ஓரம் உதிராத குரல். 'அன்னைக்கு நான் எழுந்து போயிருக்கக் கூடாது. அவர் சிரிச்சிருந்தா இன்னும் இருந்திருப்பாரு. அந்தப் பாவம் என்னோடதுதான்.' அந்த இடத்தில் ஒரு சின்ன விம்மல். நான் சாலிகிராமத்தில் பதிவு செய்த விம்மல்தான்.

"படம் ஓடும்போது பின்னாடி அவங்க பேச்சு ஓடும். பக்கம் பதினொண்ணுல அனுமதி குடுத்திருக்காங்க. நீதானே வாங்கிட்டு வந்தே? செவியன் கம்பெனிக்காரங்ககிட்டயே சொல்லிச் செஞ்சோம். இப்படிப் பாவம், மன்னிப்புன்னு ஆயிரம் வாக்கியம் குடுத்துப் பழக்கினதும் நம்ம செவியன் தானாவே பேசுது, பாவம்." டீயை உறிஞ்சினார். "அந்த எறும்பையும் துடைச்சிடு. எறும்பு தெரிஞ்சா, அதுக்குத்தான் எழுந்தாளான்னு எவனாவது கேப்பான்."

"சார்…"

"பெட்டி பின்பக்கம் உன் பேரு வருது. மீட்டெடுப்புன்னு தனி வரி. இனிஷியல் முன்னாடி போடவா, பின்னாடி போடவா?"

நான் அவரை மறுத்துப் பேசத் தேவையான எல்லாவற்றையும் மனதில் வரிசைப்படுத்தினேன். நியாயம், மனசாட்சி, எண்பத்து நாலு வயது. நல்ல வரிசை அது.

"முன்னாடி சார்," என்றேன்.

எறும்பு துடைக்கச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். நகர்கிற புள்ளியையும் தூசியாக எடுத்துக்கொள் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்தால் போதும். நாலு மணிக்குள் கதாநாயகியின் கை சுத்தமாகிவிட்டது. இப்போது பார்த்தால், ஒரு காரணமும் இல்லாமல், திமிரெடுத்துத்தான் எழுந்து போகிறார்.

வெளியீட்டு விழா ஒரு பிரிவியூ தியேட்டரில், காலை பதினொரு மணிக்கு. விஜயரேகா கரும்பச்சைப் பட்டுடுத்தி வந்தார். டப்பிங் ஆட்கள் நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து அம்பலவாணனின் பெரிய பெண்ணையும் எப்படியோ வரவழைத்திருந்தார். எழுபதைத் தாண்டிய அந்த அம்மா, ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து விஜயரேகா தலையை மட்டும் அசைத்தார், பரீட்சை நன்றாக எழுதியவர்போல்.

கடைசி ரீலைப் போட்டார்கள். சுத்தமான கை. எழுந்து ஓடினார். வெட்டி, வணக்கம் போட்டார்கள். அதன்மேல் அந்த நாற்பது வயதுக் குரல் பேசியது. பாவம் என்னோடதுதான் என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரிய பெண் பையை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

குபேந்திரன் பொன்னாடை போர்த்தி, பளபளக்கும் கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்தைக் கொடுத்து, மைக்கையும் கொடுத்தார். "இவ்வளவு பெரிய மனசோட உண்மையைச் சொன்னதுக்கு…"

"இது நான் பேசினது இல்ல," என்றார் விஜயரேகா.

எண்பத்து நாலு வயதுக் குரல், அதுவும் நடுங்கியது. திரையில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு யூடியூப் நிருபர் எழுந்தான். "அப்ப ஸ்க்ரீன்ல பேசினது யாரும்மா?"

"மிஷின்."

சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். "வயசாயிடுச்சுல்ல," என்றது என் பக்கத்து இருக்கை, "மறந்திருப்பாங்க."

அவர் கைதட்டல் ஓயும்வரை நின்றார். "அம்பலவாணன் சார் சிரிச்சாரு. நான் பாத்தேன். என் கையில எறும்பு இருந்துச்சு, அதான் எழுந்தேன். அந்தத் தம்பிதான் எனக்குக் காட்டினாரு. அவரையே கேளுங்க."

மைக் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. பெரிய பெண் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். குபேந்திரனும் பார்த்தார், ஆனால் கவலையோடு இல்லை. அதுதான் எனக்குப் பிற்பாடு உறுத்தியது, அவர் கவலையே படவில்லை.

"சொல்லுங்க தம்பி," என்றார் விஜயரேகா.

"அது தூசிம்மா," என்றேன். "பழைய ஃபிலிம்ல வரும்."

நல்ல மைக். அரங்கம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் கலைந்தபோது தேயிலைத் தோட்டத்து டூயட்டை முழுச் சத்தத்தில் போட்டார்கள். விஜயரேகா பூங்கொத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடைபாதையில் வந்தார். என் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நிதானமாக ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். பாட்டில் எனக்குக் கேட்கவில்லை. நான் காதை நீட்டியபோது அவர் போய்விட்டார்.

மறுநாள் விழா வீடியோ வந்தது. நல்ல கேமரா. அவர் என் முன்னால் நின்ற இடம் பதிவாகியிருந்தது, முதுகுப்புறமாக. பூங்கொத்தின் கண்ணாடித்தாள் மட்டும் தோளோரமாகத் தெரிந்தது. மெல்லிசான தாள். செவியனுக்கு இதைவிட நல்ல சாட்சி அமையாது. கதவைச் சாத்திவிட்டு ஓட்டினேன்.

இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டது. நாற்பது வயதுக் குரலில், சின்ன விம்மலோடு.

"பரவாயில்ல தம்பி. உங்க மேல தப்பே இல்ல."

சாலிகிராமம் ஸ்டூடியோவிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். நடந்தே போய்க் கேட்டிருக்கலாம். அதுகூட வேண்டாம், செவியனிலேயே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எந்தச் சொல் நிஜமாகக் கேட்டது, எந்தச் சொல் ஊகம் என்று பிரித்துக் காட்டிவிடும். அம்புக்குறி அதன்மேல்தான் கொஞ்ச நேரம் இருந்தது.

அழுத்தவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். பிறகு சேமிக்கப் போனபோது கோப்புக்குப் பெயர் கேட்டது. 'அசல்' என்று கொடுத்தேன்.